கிளை முந்தியதா, தலைமையகம் முந்தியதா? தொழில்முறைச் சங்கக் கிளைகள் வளர்ந்த விதம் குறித்து ஓர் உரையாடல்

குறிப்பேடு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் உறுப்பினராக இருக்கும் தேசியத் தொழில்முறைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளை பொன்விழாவை நெருங்கிக்கொண்டிருக்கிறது. விழா மலருக்காகக் கிளையின் வரலாற்றை எழுதித் தரும்படி செயற்குழு என்னைக் கேட்டுக்கொண்டது. பழைய கூட்ட நடவடிக்கைக் குறிப்பேடுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு மாதங்களாக வரி விடாமல் படித்து வருகிறேன்.

என் சிக்கல் இதுதான். தலைமையகம் வெளியிட்ட வரலாற்றில், எங்கள் கிளை அகில இந்தியத் தலைவரால் 'தொடங்கி வைக்கப்பட்டது' என்று ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் எங்களிடம் உள்ள முதல் குறிப்பேடு அந்த விழாவுக்கு மூன்றாண்டுகள் முன்னரே தொடங்கிவிடுகிறது. அந்த மூன்றாண்டுகளும் சுமார் இருபது பேர் மாதந்தோறும் ஓர் உறுப்பினரின் வீட்டு மாடியில் கூடியிருக்கிறார்கள், தங்களுக்குள் சந்தா வசூலித்திருக்கிறார்கள், கட்டுரை வாசித்து விவாதித்திருக்கிறார்கள். அவர்கள் தாமாக உருவாக்கியதற்குப் பிறகு வந்து ரிப்பன் வெட்டியவர் பிறந்த நாள் குறித்துக் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆகவே, பிற நாடுகளிலும் பிற தொழில்களிலும் கிளைகள் எவ்வாறு உருவாயின என்பதை அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் என் கட்டுரைக்கு ஒரு பின்புலம் கிடைக்கும். தலைமையகம் கிளைகளைப் பெற்றெடுத்ததா, அல்லது கிளைகள் கூடித் தலைமையகத்தைப் பெற்றெடுத்தனவா?

மருத்துவ வரலாறு பயில்பவள்

வணக்கம் ஐயா. மருத்துவச் சங்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், உங்கள் ஐயத்துக்கு ஆதரவான சான்றுகள் நிறையவே இருக்கின்றன.

பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் லண்டனில் தோன்றவில்லை. 1832-ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று சார்ல்ஸ் ஹேஸ்டிங்ஸ் என்ற மருத்துவர் வுஸ்டர் நகர மருத்துவமனையில் சுமார் ஐம்பது மருத்துவர்களைக் கூட்டி அதைத் தொடங்கினார். அப்போது அதன் பெயரே 'மாகாண மருத்துவ, அறுவை மருத்துவச் சங்கம்' என்பதுதான். பழைய மருத்துவக் கல்லூரிகளும் அதிகாரமும் லண்டனில் குவிந்திருந்த காலத்தில், தலைநகருக்கு வெளியே தொழில் செய்தவர்கள் தங்களுக்கென ஒரு கூடம் வேண்டும் என்று கருதினார்கள். ஆண்டுக் கூட்டத்தை ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறு நகரத்தில் நடத்தும் வழக்கமும் அந்த எண்ணத்திலிருந்தே பிறந்தது. 1850-களின் நடுவில்தான் 'பிரிட்டிஷ்' என்ற சொல் அதன் பெயரில் ஏறியது. வெளியூர்க்காரர்கள் கட்டிய சங்கம் பிற்பாடு தேசியச் சங்கமாகித் தலைநகருக்குக் குடிபெயர்ந்தது என்று சொல்வதில் தவறில்லை.

அமெரிக்க நிலைமை உங்களுடைய மாடிக்கூட்டத்துக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847-இல் பிலடெல்ஃபியாவில் உருவானது. ஆனால் நியூ ஜெர்சியின் மருத்துவச் சங்கம் 1766-லேயே, அதாவது அமெரிக்கா என்ற நாடு பிறப்பதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, தோன்றிவிட்டது. மாசசூசெட்ஸ் மாநிலச் சங்கம் 1781-இல் வந்தது. ஆகவே இன்று தேசியச் சங்கத்தின் உறுப்புகளாகக் காணப்படும் மாநிலச் சங்கங்களுள் சில, அந்தத் தேசியச் சங்கத்தைவிட அரை நூற்றாண்டுக்கும் மேலாக மூத்தவை. மூத்தவர்களை இளையவரின் கிளைகள் என்று அழைப்பது வரலாற்றுப்படி பொருந்தாது.

தணிக்கையர்

மேலே எழுதியவர் தந்த செய்திகளை மறுக்கவில்லை. ஆயினும் அவற்றைப் பொது விதியாகக் கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் தொழிலின் சங்கம் முற்றிலும் வேறு வழியில் வந்தது.

இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டம் அதே ஆண்டு ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அதற்கு முன் அரசின் பதிவேட்டில் 'பதிவு பெற்ற கணக்காளர்' என்று இருந்தவர்கள் ஒரே நாளில் ஒரு தேசிய நிறுவனத்தின் உறுப்பினர்களாயினர். வட்டாரக் குழுக்களை அமைக்கும் அதிகாரமும் அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவில் இருக்கிறது. நாடு ஐந்து வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. மும்பை, சென்னை, கொல்கத்தா, கான்பூர், டெல்லி ஆகிய ஐந்து ஊர்களில் அவற்றின் அலுவலகங்கள் இன்றும் இயங்குகின்றன. அந்த வட்டாரங்களின் கீழ்தான் கிளைகள் ஒவ்வொன்றாக வந்தன. இன்று அவை நூற்றைம்பதுக்கும் மேல். இங்கே முதலில் மத்தியக் குழு, அடுத்து வட்டாரம், கடைசியில் கிளை. தலையிலிருந்து கால் நோக்கி வளர்ந்த உடல் இது.

சட்டத்துக்கு முன்னரும் கணக்காளர்கள் ஊர்தோறும் கூடியிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கூட்டங்களுக்குத் தேசியக் குழுவில் ஓர் இடத்தைப் பெற்றுத்தரும் வலிமை இருக்கவில்லை. மத்தியக் குழுவுக்கு அதிகபட்சம் 32 பேர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள், 8 பேரை மத்திய அரசு நியமிக்கிறது. தேர்தல் வட்டாரத் தொகுதிவாரியாக நடக்கிறது. கிளை என்பதற்கு அதில் வாக்கு கிடையாது. வாக்கு தனி உறுப்பினருக்கே.

வரைமேசை

கட்டடக் கலைஞன் என்ற முறையில் மூன்றாவதாக ஒரு வகையைச் சேர்க்க விரும்புகிறேன். மேலிருந்தும் வராமல், கீழிருந்தும் வராமல், பக்கவாட்டில் மோதி உருவான வகை அது.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் நிறுவனம் 1857-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரிச்சர்ட் அப்ஜான் என்பவரின் நியூயார்க் அலுவலகத்தில் பதின்மூன்று பேர் கூடித் தொடங்கியது. பெயரில் அமெரிக்கா முழுவதும் இருந்தாலும், நடைமுறையில் அது நியூயார்க் நகரத்தவரின் சங்கமாகவே பத்தாண்டுகள் இருந்தது. 1867-இல் விதிகளை மாற்றிக் கிளைகளுக்கு இடம் கொடுத்தார்கள். அதன் விளைவாக, அதுவரை தம்மையே தேசியச் சங்கம் என்று கருதியிருந்த நியூயார்க் உறுப்பினர்கள் அதே ஆண்டில் 'நியூயார்க் கிளை' ஆனார்கள். தலையே ஒரு கிளையாக இறங்கி வந்து மற்றவர்களுக்குச் சமமாக உட்கார்ந்த அந்த நிகழ்ச்சியை நான் மிகவும் மதிக்கிறேன். அப்படிச் செய்யாத சங்கங்களில், தலைநகரக் கிளையும் தேசிய அலுவலகமும் ஒரே நாற்காலியில் அமர்ந்து மற்ற ஊர்களைத் தொலைவிலேயே நிறுத்திவிடுவதைக் கண்டிருக்கிறேன். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் பிலடெல்ஃபியாவிலும் சிகாகோவிலும் கிளைகள் வந்தன. பாஸ்டன் நகரத்தவர்கள் 1867-இல் தனிச் சங்கமாகத் தொடங்கிப் பின்னர் இதில் இணைந்தார்கள்.

ஆனாலும் மேற்குப் பகுதியினருக்கு மனநிறைவு ஏற்படவில்லை. 1884-இல் சிகாகோவில் 'மேற்குக் கட்டடக் கலைஞர் சங்கம்' என்ற போட்டிச் சங்கமே தோன்றிவிட்டது. ஐந்தாண்டுகள் இரண்டும் அருகருகே இயங்கின. 1889-இல் சின்சினாட்டி நகரில் இரண்டும் ஒன்றாயின. பஃபலோ நகரின் லூயிஸ் பெத்தூன் என்ற பெண் கட்டடக் கலைஞரை 1885-இல் முதலில் சேர்த்துக்கொண்டது மேற்குச் சங்கம்தான். பழைய நிறுவனம் அவரை 1888-இல் சேர்த்தது. போட்டிக்கு ஒருவர் இருந்ததால் கதவு சற்று விரைவாகத் திறந்தது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பழஞ்செயலர்

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு கிளையின் பல பொறுப்புகளில் இருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். எது முந்தியது என்ற கேள்வி விழா மலருக்கு வேண்டுமானால் உதவும். ஆனால் ஒரு கிளையின் இயல்பைத் தீர்மானிப்பது அதன் பிறந்த நாள் அல்ல. புதிய உறுப்பினரைச் சேர்த்துக்கொள்ளும் அதிகாரம் யாருடைய கையில் இருக்கிறது, சந்தா எந்த வழியாகப் போகிறது என்ற இரண்டையும் பாருங்கள். இவை இரண்டும் தெரிந்துவிட்டால் கிளையின் முழு வரலாற்றையும் ஊகித்துவிடலாம்.

மருத்துவ வரலாறு பயிலும் சகோதரி 1847-ஐக் குறிப்பிட்டார். என் பார்வையில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உண்மையான திருப்பம் 1901. அதற்கு முன் அது ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் கலையும் மாநாடாகவே இருந்தது. அந்த மாநாட்டுக்கு வந்து போனவர்களும் உள்ளூர்ச் சங்கங்களில் இருந்தவர்களும் வேறு வேறு கூட்டம். 1901-இல் அமைப்பையே திருப்பிப் போட்டார்கள். மாவட்டச் சங்கத்தை அடிப்படை அலகாக்கினார்கள். மாவட்டத்தில் சேர்பவர் அதனாலேயே மாநிலச் சங்கத்திலும் உறுப்பினராவார், மாநிலச் சங்கங்கள் தேசியப் பிரதிநிதி அவைக்கு ஆட்களை அனுப்பும் என்று படிக்கட்டாக அடுக்கினார்கள். ஜோசஃப் மெக்கார்மக் என்ற கென்டக்கி மருத்துவர் ஊர் ஊராகச் சென்று, செயலற்றுக் கிடந்த மாவட்டச் சங்கங்களை எழுப்பினார். 1900-இல் சுமார் 8,000 ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை 1910-இல் 70,000 ஆனது. நாட்டின் மருத்துவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பத்தே ஆண்டுகளில் உள்ளே வந்துவிட்டனர்.

இந்தப் பெருக்கத்துக்குக் காரணம் தேசிய மாநாட்டின் கவர்ச்சி இல்லை. நோயாளி ஒருவர் வழக்குத் தொடுத்தால் மருத்துவருக்கு மாவட்டச் சங்கம் துணை நின்றது. வழக்கில் சாட்சி சொல்லச் சக மருத்துவர் வேண்டும், மருத்துவமனையில் நோயாளியை அனுமதிக்க இடம் வேண்டும், தன் ஊரில் நற்பெயர் வேண்டும். இவை எல்லாம் உள்ளூரில் கிடைப்பவை. ஆகவே உள்ளூரில் உறுப்பினராக இருப்பது தொழில் செய்வதற்கே தேவையாகிவிட்டது. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கமும் ஏறக்குறைய அதே காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளில், சிறு பகுதிகளை அடிப்படையாக வைத்து அங்கிருந்து பிரதிநிதிகள் கூடும் அமைப்புக்கு மாறியது. இரு நாட்டினரும், கிளையை அலங்காரமாக வைத்திருந்தால் சங்கம் வளராது என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டார்கள்.

மருத்துவ வரலாறு பயில்பவள்

பழஞ்செயலர் ஐயா குறிப்பிட்ட வளர்ச்சி உண்மை. ஆனால் அதே ஏற்பாட்டுக்கு மிகக் கொடிய இன்னொரு முகமும் இருந்ததால் அதைச் சொல்லாமல் இந்த இழையைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

உறுப்பினரைச் சேர்க்கும் அதிகாரம் உள்ளூர்ச் சங்கத்திடம் இருந்தால், சேர்க்காமல் விடும் அதிகாரமும் அதனிடமே இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ராணுவ மருத்துவராகப் பணியாற்றிய அலெக்சாண்டர் அகஸ்டாவையும் வேறு இரண்டு கறுப்பின மருத்துவர்களையும் வாஷிங்டன் நகர மருத்துவச் சங்கம் 1869-இல் சேர்க்க மறுத்தது. அவர்களின் தகுதியில் குறை எதுவும் இல்லை. மறுக்கப்பட்டவர்களும் அவர்களுக்குத் துணை நின்ற வெள்ளை மருத்துவர்களும் சேர்ந்து, இன வேறுபாடு பாராத தனிச் சங்கம் ஒன்றை அமைத்து, 1870-இல் தேசிய மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்பினார்கள். மாநாடு அந்தப் பிரதிநிதிகளை ஏற்கவில்லை. அவர்களை மறுத்த பழைய சங்கத்தின் பிரதிநிதிகளுக்கே இடமளித்தது. பின்வந்த ஆண்டுகளில், எந்த உள்ளூர்ச் சங்கத்தை ஏற்பது என்பதை மாநிலச் சங்கங்களின் முடிவுக்கே விட்டுவிட்டது. 'இது உள்ளூர் விவகாரம்' என்ற ஒரு வாக்கியத்துக்குள் தேசியச் சங்கம் ஒளிந்துகொண்டது.

1901-இல் மாவட்டச் சங்கம் அடிப்படை அலகானபோது இந்தப் பூட்டு இன்னும் இறுகியது. தென் மாநிலங்களில் மாவட்டச் சங்கம் சேர்க்காவிட்டால் மாநிலமும் இல்லை, தேசமும் இல்லை, பல இடங்களில் மருத்துவமனையில் நோயாளியை அனுமதிக்கும் உரிமையும் இல்லை. அதற்கு முன்பே, 1895-இல், கறுப்பின மருத்துவர்கள் அட்லாண்டாவில் தங்களுக்கெனத் தேசிய மருத்துவச் சங்கத்தை அமைத்துக்கொண்டதற்கும் இப்படிச் சேர்க்க மறுத்ததே காரணம். பாகுபாடு காட்டும் உள்ளூர்ச் சங்கத்தை வெளியேற்றும் அதிகாரத்தை அமெரிக்க மருத்துவச் சங்கம் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டது 1968-இல்தான். முறையான மன்னிப்பைக் கேட்டது 2008-இல்.

கீழிருந்து வளர்ந்தது எல்லாம் மேலானது என்ற எண்ணத்தோடு நான் இந்தத் துறைக்குள் வந்தேன். இந்த வரலாற்றைப் படித்த பிறகு அந்த எண்ணத்தை வைத்திருக்க முடியவில்லை.

தணிக்கையர்

நான் முதலில் எழுதியபோது சற்று வறட்சியாகச் சட்டப் பிரிவுகளை அடுக்கினேன். மேலுள்ள பதிவுக்குப் பிறகு அதன் பொருளை இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். எங்கள் தொழிலில் தேர்வில் வென்று, பயிற்சியை முடித்து, சட்டம் கேட்கும் தகுதி உள்ளவர் என்றால், அவரை உறுப்பினராகப் பதிவு செய்வது மத்தியக் குழுவின் பொறுப்பு. எந்த ஊர்க் கிளைக்கும் அவரை நிறுத்தி வைக்கும் அதிகாரம் இல்லை. கிளையின் எல்லைக்குள் அவருடைய முகவரி இருந்தால் அவர் அந்தக் கிளையைச் சேர்ந்தவர், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு மனிதரின் வாழ்க்கையையே சான்றாகக் காட்டலாம். சென்னையின் ஆர். சிவபோகம் அம்மையார் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்துகொள்ள அன்றைய ஆட்சி தடை போட்டிருந்தது. அதை எதிர்த்து முறையிட்டு உரிமையைப் பெற்று, 1933-இல் நாட்டின் முதல் பெண் தணிக்கையாளரானார். நிறுவனம் வந்த பிறகு 1955 முதல் 1958 வரை தென்னிந்திய வட்டாரக் குழுவின் தலைவராகவும் இருந்தார். அவர் காலத்து ஆண்கள் நிறைந்த உள்ளூர் மன்றம் ஒன்றின் விருப்பத்தை மட்டும் நம்பி அவர் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் பல முறை யோசித்ததுண்டு. விதி எழுத்தில் இருந்தது. எழுத்தில் இருந்ததால் அதை எதிர்த்து வாதாடவும் முடிந்தது. முகம் பார்த்து மறுக்கும் வழக்கத்தை எதிர்த்து வாதாட இடமே கிடையாது.

அதேசமயம் ஒரு குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கதவின் சாவி கையில் இல்லாத கிளைக்கு உறுப்பினரை ஈர்க்க வேறு காரணம் வேண்டும். எங்கள் கிளைகளுக்கு அந்தக் காரணத்தைக் கொடுத்தது கல்வி. மாணவர்களுக்கான வகுப்புகள், நூலகம், வாசிப்பு அறை ஆகியவை முதலில் வந்தன. பின்னர் உறுப்பினர்கள் ஆண்டுதோறும் குறிப்பிட்ட மணிநேரம் தொடர் தொழிற்கல்வி பெற வேண்டும் என்ற விதி வந்தது. வரிச் சட்டம் மாறியவுடன் அதை விளக்கும் கருத்தரங்கு கிளையில் நடக்கும், அறை நிறையும். மணிநேரக் கணக்குக்காக மட்டும் வந்து கையெழுத்திட்டுப் போகிறவர்களும் உண்டு. ஆனால் அவர்களில் சிலர் இரண்டாம் ஆண்டில் கேள்வி கேட்கத் தொடங்குவார்கள், மூன்றாம் ஆண்டில் செயற்குழுவுக்கு நிற்பார்கள். அப்படித்தான் நானும் வந்தேன்.

கடல்கடந்த கிளை

இதுவரை பேசாத ஒரு கோணம் உண்டு. கிளை வளர்ந்து தனி மரமாகிவிடுவதும் இந்த வரலாற்றின் பகுதிதான்.

பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காலனி நாடுகளிலும் கிளைகளைத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு காலனியிலும் ஒரு கிளை இருந்தது. அந்நாடு 1901-இல் கூட்டாட்சி ஆன பிறகும், மருத்துவர்கள் அறுபது ஆண்டுகள் பிரிட்டிஷ் சங்கத்தின் கிளைகளாகவே நீடித்தார்கள். 1962-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் அவை ஒன்றுசேர்ந்து ஆஸ்திரேலிய மருத்துவச் சங்கமாயின. நியூசிலாந்திலும் கிளையாக இருந்ததே பின்னர் அந்நாட்டின் சங்கமாயிற்று. பெயர்ப்பலகை மாறியபோது உறுப்பினர்களும் மாவட்டங்களும் பழையவையே.

இந்தியாவில் அப்படி நடக்கவில்லை. இங்கும் பிரிட்டிஷ் சங்கத்தின் கிளைகள் இருந்தன. ஆனால் இந்திய மருத்துவர்கள் அந்தக் கிளைகளைத் தங்களுடையதாக மாற்றிக்கொள்ளக் காத்திருக்கவில்லை. 1928-இல் கல்கத்தாவில் கூடிய அகில இந்திய மருத்துவ மாநாட்டில் தனிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1930-இல் அது இந்திய மருத்துவச் சங்கம் என்ற பெயரைப் பெற்றது. பிற்பாடு இரு சங்கங்களும் பேசி, பிரிட்டிஷ் சங்கம் இந்தியாவில் கிளை வைத்துக்கொள்வதில்லை என்றும், இரண்டும் சம நிலையில் இணைப்பு வைத்துக்கொள்வது என்றும் உடன்பட்டன. ஆஸ்திரேலியாவில் வெளியார் நட்ட கிளையே மரமானது. இந்தியாவில் பக்கத்தில் புதிய விதை ஊன்றப்பட்டது. காரணம் தேசிய இயக்கம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் ஒரு கிளையில் யார் தலைமை ஏற்க முடியும், யார் ஓரமாக அமர வேண்டும் என்பதில் ஏற்பட்ட மனக்காயத்துக்கும் அதில் பங்கு இருந்திருக்கும் என்பது என் கருத்து.

இந்திய மருத்துவச் சங்கத்தில் இன்றும் ஒருவர் உள்ளூர்க் கிளை வழியாகத்தான் சேர்கிறார். கட்டணத்தில் கிளை, மாநிலம், தேசம் என மூவருக்கும் பங்கு உண்டு. பழஞ்செயலர் சொன்ன படிக்கட்டு இங்கும் இருக்கிறது.

பழஞ்செயலர்

கட்டணப் பங்கைப் பற்றிய பேச்சு வந்ததால் சிறிது விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் கிளைகள் நோயுறுவதும் இறப்பதும் அங்கேதான்.

சந்தா கிளை வழியாக மேலே போகும் முறையில் கிளைச் செயலர் வசூலிப்பவராகவும் இருக்கிறார். அவர் வீடு வீடாகப் போவார், நினைவூட்டுவார், அதனால் ஒவ்வோர் உறுப்பினரையும் முகத்தால் அறிவார். தலைமையகமே நேரடியாக வசூலித்துக் கிளைக்கு ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும் முறையில் கணக்கு சுத்தமாக இருக்கும், நிலுவை குறையும். ஆனால் செயலருக்கு உறுப்பினரின் வாசலில் நிற்கும் அவசியம் போய்விடுகிறது. நான் பொறுப்பிலிருந்த காலத்தில் இந்த மாற்றம் நடந்தது. முதல் ஆண்டு நிம்மதியாக இருந்தது. நான்காவது ஆண்டில், எங்கள் பட்டியலில் இருந்தவர்களில் மூவரில் ஒருவரை நான் நேரில் பார்த்ததே இல்லை என்பதை உணர்ந்தேன்.

கிளை பிரிவதைப் பற்றியும் ஒரு சொல். உறுப்பினர் எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டினால் பக்கத்து ஊர்க்காரர்கள் தனிக் கிளை கேட்பார்கள். தாய்க் கிளை இதைப் பெரும்பாலும் துரோகமாகவே பார்க்கும், ஏனென்றால் பங்குத் தொகை குறையும். நாங்களும் அப்படித்தான் பார்த்தோம். இரண்டு ஆண்டுகள் மனுவை இழுத்தடித்தோம். அது தவறு. மாலையில் தொழிலை முடித்துவிட்டு இரண்டு மணி நேரம் பயணம் செய்து கூட்டத்துக்கு வர முடியாதவர்கள், வர விருப்பமில்லாதவர்கள் என்று எங்கள் குறிப்பேட்டில் பதிவாகியிருந்தார்கள். புதிய கிளை கிடைத்த ஆறு மாதத்தில் அவர்களின் கூட்டம் எங்களுடையதைவிடப் பெரியதாக இருந்தது.

1920-இல் தொடங்கி 1935-இல் அரச சாசனம் பெற்ற இந்தியப் பொறியாளர் நிறுவனம் இதற்கு மாநில மையம், உள்ளூர் மையம் என்று இரண்டு படிகளை வைத்திருக்கிறது. சிறிய ஊர் ஒன்று முதலில் உள்ளூர் மையமாக இருந்து தன் காலில் நிற்கப் பழகிக்கொள்ளலாம். எங்கள் சங்கத்தில் அந்த இடைப்படி இல்லாததால், முழுக் கிளை அல்லது ஒன்றுமில்லை என்ற சண்டையாக அது முடிந்தது.

வரைமேசை

குறிப்பேடு ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். மாடிக் கூட்டக் காலத்தின் உறுப்பினர் பட்டியலையும், தொடக்க விழாவுக்குப் பிந்தைய பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தீர்களா? நியூயார்க் 1867-இல் கிளையாக இறங்கியபோது யார் உள்ளே வந்தார்கள் என்பதே அந்த மாற்றத்தின் அளவுகோல். உங்கள் ஊரிலும் அப்படி ஏதேனும் தெரியலாம்.

குறிப்பேடு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் நன்றி. வரைமேசை அவர்கள் கேட்டபடியே நேற்று இரவு இரண்டு பட்டியல்களையும் எடுத்து வைத்து ஒப்பிட்டேன். கண்டதை மறைக்காமல் எழுதுகிறேன்.

மாடிக் கூட்டத்தின் இரண்டாம் ஆண்டுக் குறிப்பில் ஒரு தீர்மானம் இருக்கிறது. நான் முதல் முறை படித்தபோது அதைச் சாதாரண நிர்வாகச் செய்தியாகக் கருதிக் கடந்துவிட்டேன். சொந்தமாகத் தொழில் நடத்துபவர்களை மட்டுமே வட்டத்தில் சேர்ப்பது என்றும், பிறரிடம் சம்பளத்துக்குப் பணிபுரியும் தகுதி பெற்றவர்களின் விண்ணப்பங்களை 'இப்போதைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை' என்றும் அந்தத் தீர்மானம் சொல்கிறது. ஐந்து விண்ணப்பங்கள் அதன்படி திருப்பி அனுப்பப்பட்டிருக்கின்றன. ஐவரில் இருவர் பெண்கள். தீர்மானத்தை முன்மொழிந்தவரின் பெயரை வாசித்தபோது எனக்குச் சற்று நேரம் அடுத்த பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர்.

அகில இந்தியத் தலைவர் வந்து தொடங்கி வைத்த நாளிலிருந்து தேசிய விதிகள் எங்களுக்குப் பொருந்தின. தேசியப் பதிவேட்டில் உள்ள, இந்த எல்லைக்குள் வாழும் எவரும் கிளையின் உறுப்பினர் என்பது அந்த விதி. விழாவுக்கு அடுத்த மாதக் கூட்டத்தின் வருகைப் பதிவில் முப்பத்தெட்டுக் கையெழுத்துகள் இருக்கின்றன. திருப்பி அனுப்பப்பட்ட ஐவரில் நால்வரின் கையெழுத்து அதில் இருக்கிறது. ஐந்தாமவர் பெண்களில் ஒருவர். அவருடைய பெயர் பிறகு எந்தக் கூட்டத்திலும் வரவில்லை.

இந்த இழையைத் தொடங்கியபோது அந்த விழாவை வெறும் ரிப்பன் வெட்டு என்று எழுதினேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மலரில் மாடிக் கூட்டத்தின் முதல் நாளையும் விழா நாளையும் இரண்டையுமே குறிப்பிடப் போகிறேன். தீர்மானம் உள்ள பக்கத்தையும், முப்பத்தெட்டுக் கையெழுத்துகள் உள்ள பக்கத்தையும், பெயர்களை மறைத்து எதிரெதிரே அச்சிடும்படி செயற்குழுவிடம் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவு சொல்வதாகச் செயலர் தெரிவித்திருக்கிறார். ஐந்தாமவர் இன்றும் இருக்கிறாரா என்று தேசியப் பதிவேட்டில் தேடும் வேலையை இன்று காலை தொடங்கியிருக்கிறேன்.